வகுப்பறைக்குள் தாயக்கட்டை

ஆசிரியர்களுக்கான குறுவள மையப் பயிற்சிக் கூட்டத்துக்குப் போனால் ‘மகிழ்ச்சியான கற்றல்’ என்று ஒரு தலைப்பு கட்டாயம் இருக்கும். ஒரு பாட்டு, ஒரு முகமூடி, வட்டமாக நின்று ஒரு ஆட்டம். ஆசிரியர்கள் நாங்களே சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆடிவிட்டுச் சிரித்துக்கொண்டு வெளியே வருவோம். மறுநாள் பள்ளியில் அதையே செய்தால் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். பத்து நிமிஷம் கழித்து “சரி, இப்போ புத்தகத்தை எடுங்க” என்று சொன்னதும் அத்தனை முகமும் தொங்கிப் போகிறது. கசப்பு மருந்துக்கு முன்னால் நாக்கில் கொஞ்சம் சர்க்கரை வைக்கிற வேலைதான் அது. மருந்து கசக்கும் என்பதை நாமே முதலில் ஒத்துக்கொண்டு விடுகிறோம்.

நான் வேலை பார்ப்பது சென்னிமலைக்கும் பெருந்துறைக்கும் நடுவில் உள்ள ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டக் கணக்கு. வகுப்போ ஐந்து. ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். அவர் அலுவலக வேலையாகக் கிளம்பிப் போகிற நாட்களில் ஐந்து வகுப்பும் என் தலையில். பெற்றோரில் பாதிப்பேர் தறி நெய்கிறவர்கள். மற்றவர்கள் சிப்காட் தொழிற்பேட்டைக்கோ பனியன் கம்பெனிக்கோ தோட்ட வேலைக்கோ போகிறவர்கள். வீட்டில் உட்கார வைத்துப் பாடம் சொல்லித்தர யாருக்கும் நேரம் கிடையாது. படிக்க வேண்டியதெல்லாம் பள்ளிக்கூட நேரத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டும்.

இந்த நிலையில் ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற பிள்ளைகள் தாங்களாகவே ஏதாவது உருப்படியாகச் செய்தாக வேண்டும். விளையாட்டு எனக்கு அவசியமானது அப்படித்தான். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் அட்டைகள் மாநிலம் முழுக்க வந்ததும், 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததும் பெரிய உதவிதான். ஆனால் எந்தத் திட்டம் வந்தாலும் எந்த ஆட்டத்தை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு என்னிடம் இரண்டு கேள்விகள் உண்டு.

முதல் கேள்வி: இந்த ஆட்டத்தில் ஜெயிக்க, நான் சொல்லித்தர நினைக்கிற விஷயம் தேவைப்படுகிறதா? தரையில் எழுத்தட்டைகளைப் பரப்பி, பாட்டு நின்றதும் ஓடிப்போய் ஒரு அட்டை மேல் நிற்கச் சொல்லும் ஆட்டம் நிறையப் பள்ளிகளில் நடக்கிறது. அதில் ஜெயிக்கக் கால் வேகம் போதும். எழுத்தே தெரியாத பையன் முதல் பரிசு வாங்குவான். அது நல்ல உடற்பயிற்சி, அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி: தெரியாத பிள்ளை எவ்வளவு நேரம் ஆட்டத்துக்குள் இருக்கிறது? தப்பாகச் சொன்னால் ‘அவுட்’ என்ற விதி இருந்தால், யாருக்குப் பயிற்சி வேண்டுமோ அந்தப் பிள்ளைதான் முதல் ஆளாகப் போய்ச் சுவரோரம் உட்காரும். நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் கடைசி வரை ஆடுவார்கள். என் வகுப்பில் அவுட் என்ற பேச்சே கிடையாது. தப்பாகச் சொன்னால் இன்னொரு அட்டை எடுக்க வேண்டும், அதாவது இன்னொரு தடவை முயல வேண்டும். ஆட்டத்தில் சுவாரசியம் குறையுமே என்று கேட்பார்கள். பெரியவர்களுக்குத்தான் குறைகிறது.

இந்த இரண்டுக்கும் தேறிய ஆட்டங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பிள்ளைகளே எழுத்தாக நிற்பது. ஒரு பிள்ளை கையில் ‘க’ அட்டை, ஒருத்தி கையில் கொம்பு, ஒருத்தன் கையில் துணைக்கால். “கா” என்றால் கால்காரன் ஓடிவந்து ‘க’வுக்கு வலப்பக்கம் நிற்க வேண்டும். “கெ” என்றால் கொம்புக்காரி இடப்பக்கம். “கொ” என்றால் இரண்டு பேரும் வந்து நடுவில் ‘க’வை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சொல்லும்போது ‘எ’ என்ற ஓசை பின்னால் வருகிறது, எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ‘கெ’ எழுதச் சொன்னால் ‘க’வைப் போட்டுவிட்டு அதன் பின்னால் கொம்பைப் போடுவது இதனால்தான். பலகையில் எத்தனை முறை திருத்தினாலும் ஏறாது. உடம்பால் ஓடிப்போய்த் தப்பான பக்கம் நின்று, பின்னாலிருந்து பார்க்கிற பத்துப் பேர் “அந்தப் பக்கம், அந்தப் பக்கம்” என்று கத்தும்போது ஏறிவிடுகிறது. ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். நிற்கிற பிள்ளைகளும் பார்க்கிற பிள்ளைகளும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். அட்டையை முதுகில் கட்டிவிட்டால் சரியாக வரும். எதிரெதிராக நின்றால் இடம் வலமாகி, எல்லோரும் குழம்பிப் போவார்கள்.

அந்த வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தை இருந்தாள். அப்பா அம்மா இருவருக்கும் சிப்காட்டில் வேலை. தமிழ் பேசவே கூச்சப்படுவாள். ‘கொ’ என்று நான் சொன்னபோது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தடுமாற, அவள் கொம்பையும் காலையும் வைத்திருந்த இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்து இரு பக்கமும் சரியாக நிறுத்தினாள். அவள் சொந்த ஊரில் கொஞ்ச காலம் ஒடியா எழுத்துப் படித்துவிட்டு வந்தவள். அந்த எழுத்திலும் ஓகாரத்துக்கு இப்படித்தான் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. அன்றைக்கு மற்றவர்களுக்கு அவள்தான் டீச்சர். வெளி மாநிலப் பிள்ளைகள் இப்போது கொங்குப் பக்கத்துப் பள்ளிகளில் நிறைய. அவர்களுக்கு எழுத்தே தெரியாது என்று நினைத்து அ, ஆவிலிருந்து தொடங்குவதற்கு முன், அவர்களுக்கு என்ன தெரியும் என்று பார்க்க இந்த மாதிரி ஆட்டம் நல்ல வழி.

உகர வரிசை இன்னொரு தொல்லை. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி சுழிக்கும். சு, பு, யு, வு, அப்புறம் ஙு, கீழே ஒரு கோடாக இறங்கும். து, நு, ணு, லு, று, னு, ஞு இன்னொரு வகை. பதினெட்டையும் வரிசையாக மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், ஆனால் எழுதமாட்டார்கள். நான் தரையில் மூன்று வீடு வரைந்துவிடுகிறேன். அட்டைகளைக் கலைத்துப் போட்டு, எது எந்த வீட்டுக்காரன் என்று பிள்ளைகளே பிரித்து வைக்க வேண்டும். எந்த வீடு என்பதற்கு விளக்கம் எதுவும் நான் சொல்வதில்லை. சண்டை போட்டு அவர்களே கண்டுபிடிப்பார்கள். “இவனுக்கு வால் கீழ போவுது டீச்சர், இவன் அந்த வீடு இல்லீங்.” அந்தச் சண்டைதான் பாடம்.

கணக்குக்கு வந்தால் நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் இருப்பதையே எடுத்துக்கொண்டேன். அஞ்சாங்கல்லில் ஒன்று மேலே போக, கீழே நான்கு கல். முதலில் ஒவ்வொன்றாக, அடுத்து இரண்டிரண்டாக, அடுத்து மூன்றும் ஒன்றும், கடைசியில் நான்கையும் ஒரே அள்ளு. நான்கு என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. கல் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டாம் வகுப்புக் கணக்கு முழுக்க வந்துவிடும். பல்லாங்குழி (பன்னாங்குழி என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள்) பதினான்கு குழி. குழிக்கு ஐந்து வீதம் போட்டால் எழுபது புளியங்கொட்டை. ஆட்டத்தில் நான் ஒரே ஒரு விதி சேர்த்தேன். கொட்டையை அள்ளுவதற்கு முன் கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று விரலால் காட்டிவிட்டுத்தான் அள்ள வேண்டும். சரியாகக் காட்டினால் ஒரு கொட்டை கூடுதல். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை சில வாரத்தில் கண்ணாலேயே தாண்டத் தொடங்கிவிடும்.

ராஜா ராணி மந்திரி போலீஸ் திருடன் சீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழை நாளுக்கு அதைவிட நல்ல கூட்டல் பயிற்சி கிடையாது. மதிப்பெண்ணை மட்டும் நாம் வைக்க வேண்டும். ராஜாவுக்கு 1000 என்று முழு எண்ணாக வைத்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள். 875, 640, 95 என்று வைத்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே நோட்டை எடுத்து இனமாற்றிக் கூட்டுவார்கள். எதிராளி ஏமாற்றுகிறானா என்று அவன் கூட்டலையும் சேர்த்துத் திருத்துவார்கள்.

தாயத்துக்குத்தான் எதிர்ப்பு வந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்பும் என்னிடம் இருந்த ஒரு நாள். சாக்கை விரித்து (பித்தளைக் கட்டை வெறுந்தரையில் விழுந்தால் பக்கத்துத் தெரு வரை கேட்கும்) இரண்டு கட்டைகளைக் கொடுத்து, காய் நகர்த்த வேண்டாம், உருட்டி உருட்டி என்ன விழுகிறது என்று கோடு போட்டு எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரு பையனின் அப்பாரு (தாத்தா) வேலியோரமாகப் போனவர், சத்தம் கேட்டு உள்ளே வந்துவிட்டார்.

“ஏனுங் டீச்சர், பள்ளிக்கோடத்துல தாயம் ஆடச் சொல்லித் தர்றீங்களாமா?”

“வாங்கய்யா, உக்காருங்க. ஆட்டமில்லீங்க. எந்த எண்ணு அதிகமா விழுதுன்னு பசங்க எழுதறாங்க.”

“மூணுதானுங் அதிகமா உளுகும். அதுக்கு நோட்டு எதுக்குங்?”

பையன்கள் நோட்டைப் பார்த்தார்கள். மூன்றுக்கு நேராகத்தான் கோடுகள் அதிகம். அப்பாருக்கு முகத்தில் ஒரு பெருமை. அப்புறம் அவர் பேரனே கேட்டான்: “அப்ப ஏன் அப்பாரு, மூணு உளுந்தா மறுக்காப் போட உடறதில்ல? தாயத்துக்கும் அஞ்சுக்கும் ஆறுக்கும் பன்னண்டுக்கும் மட்டும் ஏன் உடறாங்க?”

“அது வழக்கம் கண்ணு.”

நான் பலகையில் நான்குக்கு நான்காகப் பதினாறு கட்டம் போட்டேன். ஒரு கட்டைக்கு ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் முகம். இன்னொன்றுக்கும் அப்படியே. இரண்டும் வெறும் முகமாக விழுந்தால் பன்னிரண்டு. பிள்ளைகளே கட்டத்தை நிரப்பினார்கள். மூன்று நான்கு கட்டத்தில் வந்தது. இரண்டும் நான்கும் மும்மூன்று கட்டம். தாயமும் (அதாவது ஒன்றும்) ஐந்தும் இரண்டிரண்டு. ஆறு ஒன்றே ஒன்று, பன்னிரண்டும் ஒன்றே ஒன்று. மறு உருட்டல் கிடைக்கிற நான்கு எண்களும் விழுவதற்கு அரிதான நான்கு எண்கள். விதியை வைத்த ஆள் யாரோ, கணக்குத் தெரிந்தவர்! அப்பாரு கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துவிட்டு, “இத்தன வருசமா ஆடறனுங், இது எனக்கே தெரியாது” என்றார். பிள்ளைகள் காசு வைத்து ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். தாயத்தில் காசு இழந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, அவர் பயம் நியாயமானது. பெற்றோர் சந்தேகப்பட்டால் சுற்றறிக்கையைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை என்பது என் எண்ணம். ஆட்டத்துக்குள் உட்கார வைத்துவிட வேண்டும்.

வாய்ப்பாட்டுக்குக் கை கொடுத்தது கும்மி. எங்கள் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் வள்ளிக் கும்மி அரங்கேற்றம். கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு இன்னும் கூடியிருக்கிறது. பிள்ளைகள் பாதிப்பேர் சாயங்காலம் பயிற்சிக்குப் போகிறவர்கள், அடவு காலில் இருக்கிறது. நான் செய்ததெல்லாம் அடவோடு எண்ணைச் சேர்த்ததுதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே அடி வைக்க வேண்டும், நான்காவது அடியில் கை தட்டி வாய்விட்டு “நாலு”. அப்புறம் “எட்டு”. “பன்னண்டு”. நான்காம் வாய்ப்பாடு காலில் இறங்கிவிடும். ஒப்பிக்கும்போது நடுவில் விட்டுப்போனால் மறுபடி ஓரெண்ணா நாலிலிருந்து தொடங்குகிற பிள்ளை, இதில் விட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. அடி நிற்பதில்லையே.

பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு வட்டம். உள்வட்டம் மூன்றாவது அடிக்குத் தட்ட வேண்டும், வெளிவட்டம் நான்காவது அடிக்கு. எப்போது இரண்டு வட்டமும் சேர்ந்து தட்டும்? பன்னிரண்டில் டமார் என்று ஒரே சத்தம். மறுபடி இருபத்து நான்கில், முப்பத்தாறில். மூன்றையும் நான்கையும் பெருக்கினால் பன்னிரண்டு என்று ஒரு பெண் கண்டுபிடித்துச் சொன்னாள். “அப்ப நாலும் ஆறும் போட்டா எங்க சேரும்?” என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் இருபத்து நான்கு என்றார்கள். ஆடினார்கள். பன்னிரண்டிலேயே சத்தம் வந்துவிட்டது. ஆட்டம் நின்றுபோய், யாரோ தப்பாகத் தட்டிவிட்டான் என்று பெரிய விசாரணை. மறுபடி ஆடினார்கள், மறுபடியும் பன்னிரண்டு. பொது மடங்கு என்ற சொல்லை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் நான்குக்கும் ஆறுக்கும் வாய்ப்பாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வட்டம் போடச் சொன்னேன். அந்த வேலை சாதாரணமாக அவர்களுக்குச் சலிப்பானது. முந்தின நாள் சண்டைக்குத் தீர்ப்பு வேண்டியிருந்ததால் மூச்சு விடாமல் செய்தார்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு நோட்டில் எழுதுவதை நான் விடுவதே இல்லை. ஆடினால் போதும், எழுத்தே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலில் இருப்பது தாளுக்கு வராவிட்டால் ஆறாம் வகுப்பில் போய் உட்காரும்போது பிள்ளை தவிக்கும். ஆனால் ஆடியதை ஆடிய உடனே எழுத வைப்பதைவிட மறுநாள் எழுத வைப்பது நல்லது. உடனே எழுதச் சொன்னால் ஆட்டத்துக்கு அபராதம் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

வடிவியலுக்குத் தீக்குச்சியும் வால் டியூபும் (சைக்கிள் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்). சைக்கிள் கடையில் வால் டியூப் கொஞ்சம் வாங்கி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை இரு முனையிலும் சொருகினால் மூட்டு ரெடி. கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட அரவிந்த் குப்தாவின் செய்முறை இது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சதுரம் செய்து மூலையை அமுக்கினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. “எங்க சாளைக் கூரைக்கும் இப்படித்தான் குறுக்குக் கட்டை போட்டிருக்குதுங்” என்று ஒரு பையன் சொன்னான். மறுநாள் பள்ளிக்கூடத்து இரும்புக் கேட், மின்கம்பம், சைக்கிள் என்று முக்கோணம் தேடுவதே வேலையாகப் போயிற்று. மருந்தைச் சுரண்டுகிற வேலையை மட்டும் நாமே செய்துவிட வேண்டும். பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது.

சில நடைமுறை விஷயங்கள். ஒன்றாம் வகுப்புக்குச் சின்ன மணி, குன்றிமணி வேண்டவே வேண்டாம். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள், குன்றிமணி விஷம் வேறு. புளியங்கொட்டையும் சின்னதுதான், அதனால் பல்லாங்குழி இரண்டாம் வகுப்பிலிருந்துதான். சின்னவர்களுக்குச் சோடா மூடி நல்லது, விளிம்பைத் தட்டிக் கொடுத்தால் போதும். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாக்களிடம் கேட்டால் கட் பீஸ் கொண்டுவந்து தருவார்கள். எழுத்தட்டைகளுக்குப் பை, அணி பிரிக்க வண்ணப் பட்டை எல்லாம் அதிலேயே ஆகிவிடும். ராத்திரி கண் விழித்துத் தெர்மாகோலில் மாளிகை கட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பார்வையிட வரும் அதிகாரிக்கு அழகாக இருக்கும், பிள்ளைகள் தொட்டால் உடையும். உடைந்துவிடுமோ என்று பிள்ளைகளைத் தொட விடாமல் நாமே காவல் காப்போம்.

சத்தம் வரும். ஈராசிரியர் பள்ளியில் ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு இருக்கும்போது கும்மி அடிக்க முடியாது. நான் சத்தமான ஆட்டத்தைக் காலை உணவு முடிந்ததும் வைத்துக்கொள்கிறேன். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் மாதிரிப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு முதல் பாடவேளையில் பசியில் சுருண்டு கிடக்கிற பிள்ளை இல்லை. மரத்தடியில் இருபது நிமிஷம் ஆட நல்ல தெம்பு. மதியத்துக்கு மேல் தாயம், பல்லாங்குழி, தீக்குச்சி மாதிரி உட்கார்ந்து செய்வது. எல்லாவற்றையும் விளையாட்டாக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. கதைப் புத்தகம் வாசிப்பதற்கு எந்த ஆட்டமும் தேவையில்லை. நல்ல கதையும், யாரும் தொந்தரவு செய்யாத கொஞ்ச நேரமும் போதும். கையெழுத்தும் அப்படித்தான்.

போன பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டதை வைத்து, வராண்டாத் தரையில் தாயக் கட்டமும் நூறு வரைக்கும் எண் கட்டமும் நிரந்தரமாகவே வரைந்துவிட்டோம். சாக்பீஸில் தினமும் போட்டால் பாதி நேரம் அதற்கே போய்விடுகிறது. சுவருக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்ட் போதும், நேர்க்கோட்டுக்குத் தறிக்காரர் வீட்டு நூலைச் சாயத்தில் முக்கி இழுத்துத் தட்டினால் பட்டென்று விழும். தரையை முதல் நாளே கழுவிக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் உரிந்து வரும். வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகு அடித்தால் திங்கட்கிழமை காலையில் கால் வைக்கலாம்.